இரும்புப் புகைக்கு ஒரு நாள் விடுமுறை

1

படம் திரையில் விழுந்து, நான் அதைச் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. திருச்சியில் நான் எம்.எஸ்ஸி. படித்த கல்லூரியின் கருத்தரங்கு அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்ததால் பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. கண்ணுக்குள் மட்டும் அந்தப் படம் மிச்சமிருந்தது. இரும்பை ஆவியாக்கி, அந்தப் புகையில் பிடித்த ஒரே ஒரு துகள். தூசியிலும் தூசி. ஆனால் அதற்குப் பன்னிரண்டு முகங்கள். ஒவ்வொன்றும் சாய்சதுரம், ஓரங்கள் கத்தி மாதிரி.

பக்கத்திலிருந்த செல்வி என் முழங்கையை இடித்தாள். அவள் ஊர் திருவெள்ளறைப் பக்கம். செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற குடும்பம்.

"ஏய் கயல், எங்க வீட்டுல ஒரு கல்லைக் குச்சியில ஒட்டி, சக்கரத்துல புடிச்சு, ஒவ்வொரு பட்டையா எடுப்போம். கொஞ்சம் கை ஆடினா போச்சு. இதை எவன்டி புடிச்சுக்கிட்டுத் தீட்டுனான்?"

"யாரும் தீட்டலடி. புகையிலயே அப்படித்தான் வருதாம்."

"போடி. புகைக்கு எங்கேர்ந்து மூலை வரும்?"

கரண்ட் வந்தது. பேச வந்தவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. புகைக்கு எங்கிருந்து மூலை வரும்? அன்றைக்கு மண்டைக்குள் ஏறிய அந்தக் கேள்விதான் என்னை ஸ்ரீரங்கத்திலிருந்து ஜப்பான் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது. இப்போது இங்கே எனக்கு நான்காவது இலையுதிர்காலம். போன வாரம் ஆயுத பூஜை முடிந்தது. அதற்கு முந்தைய ஆயுத பூஜையில் என்ன நடந்தது என்று இப்போதாவது எழுதி வைக்காவிட்டால், அப்பா தன் பாணியில் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார்.

2

என் வேலை இதுதான். மணியைக் கவிழ்த்தது போல ஒரு பெரிய கண்ணாடி மூடி. அதற்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் ஆர்கான் வாயுவை விடுவேன். நடுவில் கம்பியால் பின்னிய சின்னக் கூடை. அதில் துளி இரும்பு. கூடைக்கு மின்சாரம் கொடுத்தால் முதலில் சிவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் பார்க்க முடியாத வெள்ளை. இரும்பு உருகி, ஆவியாகி, குளிர்ந்த ஆர்கானில் மோதி, மெல்லிய புகையாக மேலே எழும்பும். ஊதுவத்திப் புகை போலத்தான், ஆனால் கறுப்பு. அந்தப் புகையில் ஒரு செப்பு வலையைக் காட்டி, துகள்களைப் பிடித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். வலை என்றால் நெற்றிப் பொட்டைவிடச் சின்னது.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பைக்கில் போய் வருகிறார். முதல் தடவை இதைப் போனில் அவரிடம் சொன்னேன்.

"இரும்பை ஆவியாவே ஆக்குறியா? எங்க ஷாப்புல ஒரு சக்கரத்தைச் சூடு பண்ணவே அவ்வளவு பாடு. எவ்வளவு இரும்பு பாப்பா?"

"நகத்துண்டு அளவுப்பா."

"அதுக்கு எதுக்கு ஜப்பானு? நாங்க துடைச்சுப் போடுற வேஸ்ட்டுல இருக்கே அதைவிட ஜாஸ்தி!"

துடைத்துப் போடுவது போலத்தான் என் துகள்களும் இருந்தன என்பதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வருடம் முயன்றும் அந்தப் பன்னிரண்டு முகம் எனக்கு வரவே இல்லை. வந்ததெல்லாம் மூலை மழுங்கிய கட்டிகள். வேடிக்கை என்னவென்றால், உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. துகளின் ஊடாக எலக்ட்ரான் கற்றையை விட்டால் அது புள்ளிப் புள்ளியாகச் சிதறும். புள்ளிக்கோலம் மாதிரி. அந்தக் கோலத்தை வைத்து அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். கனசதுரத்தின் எட்டு மூலையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. சுத்தமான இரும்பின் அடுக்கு, துளிப் பிசகில்லை. இப்படி அடுக்கினால் அணுக்கள் நெருக்கியடித்து உட்காரும் பக்கங்கள் பன்னிரண்டு. அவையே வெளியே முகங்களாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை. உள்ளே ஒழுங்கு, வெளியே உருண்டை.

எங்கள் பேராசிரியரை எல்லோரையும் போல நானும் சென்செய் என்றுதான் கூப்பிடுகிறேன். வெள்ளித் துகள் ஆராய்ச்சியிலேயே தலைமுடி வெளுத்தவர். அதிர்ந்து பேச மாட்டார். அந்த வருட இலையுதிர்காலத் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இலைகள் விழுந்து முடிவதற்குள் தெளிவான முகங்கள் வரவில்லையென்றால், இரும்பை விட்டுவிடுவோம். பீங்கான் தூள் ஆராய்ச்சிக்கு மாறிக்கொள்ளுங்கள்" என்றார்.

மாறினால் உதவித்தொகை நீட்டிப்புக்கு அவர் தர வேண்டிய கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது. உதவித்தொகை இல்லையென்றால் விசா இல்லை. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரிலிருந்து கொண்டு வந்த பெட்டியின் சக்கரம் உடைந்திருந்தது ஏனோ அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விசாரித்து வைப்போம் என்று குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். கையில் டோக்கன், முன்னால் நாலு வரிசை நாற்காலி, எங்கும் ஒரு குண்டூசிச் சத்தம்கூட இல்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் மிகப் பணிவாக, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் விளக்கினேன். பதற்றத்தில் வினைச்சொல்லை மாற்றிப் போட்டு, "இரும்பைப் புகைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன் போல. அவர் முகம் மாறாமல், புகைபிடிக்கும் இடம் கட்டடத்துக்கு வெளியே இருப்பதாகக் கை காட்டினார். நானும் குனிந்து நன்றி சொல்லிவிட்டு, வெளியே போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

3

பெரியம்மா மகள் தேன்மொழி அக்கா இதே நகரத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய மகள் நிலா ஒன்றாம் வகுப்பு. தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் வரும். அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு விசித்திரமும் இல்லை. அக்காதான், "இது என் வயித்துல பொறந்துச்சா, பக்கத்து வீட்டுலேர்ந்து மாறி வந்துச்சான்னே தெரியல" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சோறு. லேப்டாப்பில் என் துகள்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து ஒரே சொல் சொன்னாள். "கொம்பெய்தோ!"

அது இங்கே விற்கிற சர்க்கரை மிட்டாய். உடம்பெல்லாம் முண்டு முண்டாக இருக்கும்.

"நம்ம சீரக மிட்டாய்டி அது. சொல்லு, சீரக மிட்டாய்" என்றாள் அக்கா.

"ஷீரகா மித்தாயி" என்றாள் நிலா, வேண்டாவெறுப்பாக. பிறகு என்னிடம் திரும்பி ஜப்பானியத்தில் கேட்டாள். "சித்தி, நீங்க மிட்டாய் செய்யுற ஸ்கூலுக்கா போறீங்க?"

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் இரண்டு வருட வேலையை ஏழு வயதுகூட ஆகாத பெண் ஒரு சொல்லில் முடித்துவிட்டாளே என்று, பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் படங்களை மறுபடி திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

4

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம். கூடையில் இரும்பு வைத்து, மூடியைக் கவிழ்த்து, பம்பை ஓடவிட்டு நிமிர்ந்தபோது அப்பா வீடியோவில் வந்தார். பின்னால் பட்டறை. கடைசல் இயந்திரம் முதல் கிரேன் கொக்கி வரை மாவிலை, வாழைக்கன்று. அடுத்த நாள் வீட்டாரையும் உள்ளே விடுவார்கள். சின்ன வயதில் பொரியை அள்ளிக்கொண்டு நானும் அந்த ஷெட்டுக்குள் ஓடியிருக்கிறேன்.

"உன் மிஷினுக்குப் பொட்டு வெச்சியா?"

"நாளைக்கு எனக்கு டர்ன் இருக்குப்பா. வெச்சுட்டு ஓட்டிக்கறேன்."

"என்னது, ஓட்டுறியா? நாளைக்கு எவனாவது ஆயுதத்துல கை வெப்பானா? பூஜை போட்டா மறுநாள் காலையில எடுத்துப் புழங்கணும். அதுவரைக்கும் தொடக்கூடாது."

"இங்க ஒரு நாள் விட்டா அந்த மிஷின் வேற ஆளுக்குப் போயிடும்ப்பா. எனக்கு இருக்கறதே கொஞ்ச நாளு."

"ரெண்டு வருஷமா தொட்டுக்கிட்டே இருந்தியே, என்ன வந்துச்சு?"

சுருக்கென்றது. அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா சொல்லியிருப்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே குரலை இறக்கினார். "இல்ல பாப்பா, ஒரு நாளு. சும்மா விடு."

"பம்பு ஓடிட்டு இருக்குப்பா. அதை நிறுத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

பூஜை சாஸ்திரத்தில் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த நண்பரிடம் ஏதோ கேட்டார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"பம்பு ஓடட்டும். வீட்டுல தண்ணி மோட்டாரை அன்னிக்குப் போடாமயா இருக்கோம்? நீ கை வெக்காதே, அவ்வளவுதான்."

இப்படித்தான் தீர்ப்பு வந்தது. அறிவியல் மாணவி நான் ஏன் அவர் பேச்சைக் கேட்டேன் என்றால், காரணம் எளிது. தோற்றுப்போய்க் களைத்திருந்தேன். ஒரு நாள் அந்த மூடியைப் பார்க்காமல் இருக்க யாராவது அனுமதி தந்தால் போதும் என்றிருந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உன் முறையில் இயந்திரத்தை ஓட்டவில்லையென்றால் அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பூஜை நாள் என் முறை, மறுநாள் மொரியுடையது. மொரி எனக்கு இரண்டு வருடம் சீனியர், வெள்ளித் துகள்காரர். இயந்திரத்தின் இரும்புக் காலில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். கண்ணாடியிலோ உள்ளேயோ வைக்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு.

"கயல்-சான், இயந்திரத்துக்கு அடிபட்டுவிட்டதா?"

"இல்லை. நாளை இதற்கு விடுமுறை."

"இயந்திரத்துக்கா?"

"எங்கள் ஊரில் எல்லா இயந்திரத்துக்கும் உண்டு. ரயில் எஞ்சினுக்குக்கூட."

மொரி சற்று யோசித்தார். "அப்படியானால் நாளை மறுநாள் நீங்கள் ஓட்டுங்கள். என் வெள்ளி காத்திருக்கும்" என்று அட்டவணையில் தன் பெயரை அழித்து என் பெயரை எழுதினார். போகும்போது இயந்திரத்தின் பொட்டைப் பார்த்து லேசாகத் தலையும் குனிந்தார்.

5

விஜயதசமி காலை. ஆர்கானை விட்டேன், மின்சாரம் கொடுத்தேன், புகை வந்தது. வழக்கம் போலத்தான் இருந்தது. ஆர்கானை விடுவதற்கு முன் அழுத்தம் காட்டும் முள் மட்டும் எப்போதையும்விடக் கீழே இறங்கியிருந்தது. பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலையை நுண்ணோக்கியில் செருகி, ஏனோதானோவென்று குமிழைத் திருப்பினேன்.

இரும்பு காந்தமல்லவா, துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சரம் சரமாகக் கிடக்கும். அன்றைக்கும் சரங்கள்தான். ஆனால் கோத்திருந்தவை உருண்டைகள் அல்ல. ஒன்றைப் பெரிதாக்கினேன். சாய்சதுரம். அதை ஒட்டி இன்னொன்று. ஓரம் நேராக ஓடி, மூலையில் மடிந்து, மறுபக்கம் இறங்கியது. துகளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு புது முகம் எழுந்து வந்தது. பக்கத்துத் துகள், அதற்கடுத்தது, அந்தச் சரம் முழுக்க அப்படித்தான். நுனிகளை மட்டும் எடுத்துவிட்டது போல அங்கங்கே சின்னச் சின்னச் சதுரங்கள்.

"மொரி-சான்!" என்று கத்தியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் யாரும் கத்தி நான் கேட்டதில்லை. அவர் ஓடி வந்து திரையைப் பார்த்தார். உடனே போய் சென்செய்யைக் கூட்டி வந்தார்.

சென்செய் வெகுநேரம் பார்த்தார். "அழகு" என்றார். பிறகு, "எதை மாற்றினீர்கள்?"

மாற்றியது என்ன? அதே கம்பி, அதே ஆர்கான், அதே சூடு. வேறு வழியில்லாமல் ஆயுத பூஜையை விளக்கத் தொடங்கினேன். பொன்மலை, பட்டறை, பொரி, பொட்டு, தொடாமல் இருப்பது. பாதியில் எனக்கே காது சுட்டது. சென்செய் சிரிக்கவில்லை. இயந்திரத்தின் காலைக் குனிந்து பார்த்தார்.

"அப்படியானால் மாறியவை இரண்டு. ஒன்று, இந்தப் பொட்டு. மற்றொன்று, ஒரு நாள் கூடுதலாக ஓடிய பம்பு. எது காரணம்? பிரித்துப் பாருங்கள்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. உண்மையாகவே சொன்னார். கேள்வி யாருடைய ஊரிலிருந்து வந்தாலும் அதற்கு உரிய சோதனையைச் செய்துதான் தீர வேண்டும் என்று நினைக்கிற மனிதர். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த ஊருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

6

பிரித்துப் பார்த்தேன். பொட்டு இருக்க, வழக்கம் போல முதல் நாள் சாயங்காலம் பம்பைப் போட்டு மறுநாள் காலையில் ஓட்டினேன். கட்டிகள். பொட்டைத் துடைத்துவிட்டு, ஒரு நாள் கூடுதலாகப் பம்பை ஓடவிட்டு ஓட்டினேன். முகங்கள். சந்தேகம் தீரும் வரை மாற்றி மாற்றிச் செய்தேன். மொரி தன் முறைகளை எனக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

விஷயம் ஈரம்தான். மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் காற்றிலுள்ள ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் கொடியில் கிடக்கும் துணி மாதிரி. தொட்டால் காய்ந்திருக்கும், மடிப்பில் ஈரமிருக்கும். பம்பு காற்றைச் சீக்கிரம் இழுத்துவிடும், இந்த ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். மிச்சமிருந்த ஈரம் பிறக்கிற துகளின் மேல் உட்கார்ந்து, அது தன் முகத்தை எடுப்பதைக் கெடுத்திருக்கிறது. வெள்ளிக்கு இந்தத் துளி ஈரம் பொருட்டே இல்லை. இரும்புக்கு ஆகாது. சென்செய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது பழைய பாடம். வெள்ளிக்காரர்கள் நாங்கள் மறந்தே போனோம். மன்னியுங்கள்" என்றார். அவ்வளவு பெரியவர் என்னிடம் தலை குனிந்ததும் எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொல்லத்தான் தயக்கம். பொட்டுக்கு வேலை இல்லை என்று சோதனை செய்தே நிரூபித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொன்னேன்.

"துடைச்சுட்டா ஓட்டுன?"

"ஆமாப்பா. சோதனைக்கு."

"துடைச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு. பம்பு கூட நேரம் ஓடினதுதான் காரணம். பொட்டு இல்ல."

"சரி. அன்னிக்கு பம்பு ஏன் கூட நேரம் ஓடுச்சு?"

"நான் மிஷினைத் தொடல, அதான்."

"ஏன் தொடல?"

"அது வேற விஷயம்ப்பா."

"சொல்லு பாப்பா, ஏன் தொடல?" அவர் குரலில் அப்படி ஒரு குஷி. போனை மூடாமலேயே பக்கத்தில் யாரிடமோ சொன்னார். "யோவ், பொட்டு வெச்சதுனாலதான்யா வந்துச்சு. என் பொண்ணே ஜப்பான்ல சோதனை பண்ணிப் பாத்துட்டா!"

திருத்தப் பார்த்தேன். முடியவில்லை. திருத்த வேண்டாம் என்றும் தோன்றியது.

7

இலைகள் விழுந்து முடியவில்லை, சென்செய்யின் கடிதம் வந்துவிட்டது. "இரும்புத் துகள்களின் வடிவத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" என்று ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் மொரி விட்டுக்கொடுத்த நாட்களும், அப்பாவின் பிடிவாதமும் இருப்பது குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரியாது. உதவித்தொகை நீண்டது, விசாவும் நீண்டது. புது அட்டை வாங்கும்போது கவுன்ட்டரில் வேறொருவர் இருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்தத் தடவை வினைச்சொல்லைச் சரியாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன், அதுதான் வருத்தம்.

எங்கள் ஆய்வகத்தின் வழிமுறைத் தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது. இரும்பை ஓட்டுபவர் முதல் நாளே மூடியை அடைத்து, பம்பை ஓடவிட்டுவிட்டு, மறுநாள் முழுக்கத் தொடக்கூடாது. சென்செய்யின் கையெழுத்து. புதிதாக வந்த மாணவர்கள் காரணம் கேட்டால் ஈரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ரொம்பத் துருவினால் மட்டும் பொன்மலையைப் பற்றி.

ஊரை விட்டு வந்ததில் எதை இழந்தாய் என்று கேட்பவர்கள் உண்டு. இழந்தது இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டுக்கொண்டு சாப்பிடவும் தூங்கவும் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பதில் தெரியாமல் இன்னும் இரண்டு வருடம் தடுமாறலாம் என்று அரசு முத்திரை போட்டு ஒரு அட்டை தந்திருக்கிறார்கள். வேறு என்ன வேண்டும்?

ஈரம் போனால் முகம் வருகிறது, சரி. எவ்வளவு ஈரம் வந்தால் முகம் போகிறது? எந்த முகம் முதலில் மழுங்குகிறது? பன்னிரண்டும் ஒரே நேரத்திலா, ஒவ்வொன்றாகவா? நடுவில் ஏதோ ஓர் அளவில் துகள் வேறு ஒரு வடிவத்தை எடுத்துப் பார்க்குமா? யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சென்செய்யிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது" என்றார், கண் மின்ன.

அதனால் மூடியின் அடித்தட்டில் ஒரு ஊசி வால்வு பொருத்தியிருக்கிறேன். அதன் மறுமுனையில், சொட்டுத் தண்ணீர் அடைத்த சின்னக் கண்ணாடிக் குழாய். மொரி இறுக்கிக் கொடுத்தார், கசிவு பார்த்தாகிவிட்டது. பம்பு நேற்றிலிருந்து ஓடுகிறது. இத்தனை நாள் துரத்திய ஈரத்தை, திங்கட்கிழமை காலை நானே வால்வைத் திறந்து, மயிரிழை மயிரிழையாக உள்ளே விடப் போகிறேன்.